நடு ஸ்விட்ச்

அக்காவுக்குப் பாட்டைப் பிடிக்கும் காது கிடையாது என்பது வீட்டில் முடிந்துபோன விஷயம். பள்ளியில் பாட்டு டீச்சர் அவளை வாயை மட்டும் அசைக்கச் சொன்னார், அதோடு சரி. இருபது வருடமாக மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைக்கிறாள். தங்கை கிட்டார் வாசிக்க உட்கார்ந்தால், நமக்கெதுக்கு வம்பு என்று எழுந்து போய்விடுவாள்.

அந்தத் தங்கைதான் இன்று காலையில் தன் எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஆம்ப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அக்காவின் கடைக்கு ஓடி வந்தாள். கம்பிகளுக்கு அடியில் இருந்து ஒலியைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்பில் ஒன்று ஊமையாகிவிட்டது. நான்கு மணிக்கு ஓர் இசைக்குழுவில் சேர்வதற்கான தேர்வு. மூன்று வருடமாகக் காத்திருந்த அழைப்பு.

அக்கா பிக்கப்பைப் பிரித்தாள். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. ஓரிடத்தில் அறுந்திருந்தது. இது நம்ம சரக்காயிற்றே என்று அவளுக்கு ஒரே குஷி. ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

கரண்ட் கொடுப்பதே இல்லை என்றாள் தங்கை. காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காயிலில் தானாகவே கரண்ட் பிறக்குமாம். ஆம்ப் பெட்டி அதைப் பெரிதாக்கிச் சத்தமாக்குமாம். மோட்டாரில் கரண்ட் கொடுத்தால் ஆட்டம், இங்கே ஆட்டம் கொடுத்தால் கரண்ட். வீட்டுக்குள்ளேயே இருந்ததை இத்தனை நாள் கேட்காமல் விட்டோமே என்று அக்காவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அறுந்த கம்பியைக் கழற்றிவிட்டு அக்கா புதுக் கம்பி சுற்றினாள். எட்டாயிரம் சுற்று. மூச்சு விடவும் பயம். ஒருவழியாக மூன்று மணிக்கு மாட்டியாயிற்று. தங்கை கிட்டாரில் இருந்த ஸ்விட்சை மேலே தள்ளி ஒரு பிக்கப்பிலும், கீழே தள்ளி மற்றதிலும் வாசித்தாள். இரண்டும் கணீரென்று பேசின. கிட்டாரை உறைக்குள் போடப் போனாள்.

அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்விட்ச் நடுவிலும் நிற்கிறதே, அது எதற்கு என்று கேட்டாள். அங்கே இரண்டும் சேர்ந்து பேசும், என் பாட்டே அதில்தான் ஆரம்பம் என்று சொல்லி, தங்கை அவசரமாக ஒரு மீட்டு மீட்டிக் காட்டினாள்.

அக்காவின் முகம் மாறியது.

"இன்னொரு தடவை வாசி. ரெண்டும் சேர்ந்தா சத்தம் கூடணும்ல? இது குறையுது. ஒண்ணு இழுக்குது, ஒண்ணு தள்ளுது. காயில மாத்திக் கட்டின மோட்டார் இப்படித்தான் முனகும்."

தங்கை மறுபடி வாசித்தாள். சத்தம் சோப்ளாங்கியாக வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தவறு அக்காவுடையது. மோட்டார் காயில் என்றால் தொடக்க முனையில் அடையாளத்துக்கு ஒரு முடிச்சுப் போடாமல் விடமாட்டாள். இது ஒற்றைக் காயில்தானே, தலை எது வால் எது என்று யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டதில் முனைகள் மாறிப்போயிருந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. சால்டரிங் அயர்னை எடுத்து, இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தாள்.

இந்த முறை தங்கை கம்பியைத் தொட்டதும் அலமாரியில் இருந்த திருகாணி டப்பாக்கள் அதிர்ந்தன. பாட்டு முடியும்வரை அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தங்கை வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"உனக்குக் காது இல்லைன்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்திக்கா. கடைய மூடிட்டு என்கூட வா. நான் வாசிக்கறப்போ எழுந்து மட்டும் போயிடாத."

அக்கா ஷட்டரை இழுத்துப் பூட்டினாள்.