மூன்றில் தொடங்கி ஒன்றில் முடிந்தது

காலிதீனிடம் யாராவது "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால்கூட, கேட்டவருக்கு என்ன லாபம் என்று யோசித்த பிறகுதான் பதில் வரும். கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருப்பவர். சொல்லும் தொகை வேறு, மனதிலுள்ள தொகை வேறு என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. மனைவி ஸுல்பிகா நேர்மாறு. கல்முனைக்குடி வீட்டு முன்னறையில் டைப்செட்டிங் செய்பவர், சொன்னால் சொன்னதுதான்.

பழைய கொம்பியூட்டரை சுனாமி கொண்டுபோனபின், நிவாரணத்தில் கிடைத்தது இப்போதுள்ளது. அதன் பக்கவாட்டில் இருந்த விண்டோஸ் லைசன்ஸ் ஸ்டிக்கர் உரியாதிருக்க மேலே செலோடேப்பும் ஒட்டியிருந்தார் ஸுல்பிகா. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் காசு கொடுக்காத கள்ளக் கொப்பிதான். "மதரஸா சோதினைப் பேப்பரக் களவெடுத்த சாமானில அடிக்க ஏலாது" என்பது அவரின் சட்டம்.

யுத்தம் முடிந்த வருடம், உப்புக்காற்றில் பூத்துப்போய் மதர்போர்ட் செத்தது. ரிப்பேர்காரன் பிரகாஸ் வேறொன்று போட்டான். கொம்பியூட்டர் எழும்பியது, ஆனால் விண்டோஸ் இவர்களைத் தெரியாது என்றுவிட்டது. லைசன்ஸ் பழைய போர்டோடு முடிச்சுப்போட்டது, புதியதைக் கண்டதும் இது வேறு வீடு என்று நினைக்கிறது என்றான் பிரகாஸ். கள்ளக் கொப்பி போட்டால் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்றும் சொன்னான். ஸுல்பிகா திரையைத் துணியால் மூடினார். அப்படியென்றால் இந்தத் தொழிலையும் மூடுகிறேன் என்றார். மதரஸாப் பேப்பர் பாதியில் நின்றது.

மிஞ்சியது விண்டோஸ் கொம்பனிக்குப் போன் எடுப்பது. கதைக்கத் தன்னைவிட்டால் ஆளில்லை என்று காலிதீன் போனை வாங்கிக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கும்படி பிரகாஸ் ஸ்பீக்கரைப் போட்டான். மறுமுனையில் இந்தியத் தமிழில் ஒரு பெண்பிள்ளை. திரையிலிருந்த இலக்கங்களைக் கேட்டு வாங்கினாள். பிறகு, இந்த விண்டோஸ் எத்தனை கொம்பியூட்டரில் இருக்கிறது என்று கேட்டாள்.

பிரகாஸ் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான். ஆனால் முதற் கேள்விக்கே உண்மைத் தொகையைச் சொல்வது காலிதீன் பரம்பரையில் கிடையாது. ஒன்று என்று சொன்னால் பாதிதான் கிடைக்கும்.

"மூணு எண்டு போடுங்க மகள். நீங்களும் பார்த்துச் செய்ங்க, நானும் கொறச்சிக்கிறன்."

ஒரு லைசன்ஸ் ஒரு கொம்பியூட்டருக்குத்தான், மூன்றில் போட்டிருந்தால் விண்டோஸைத் திறக்கும் நம்பர் தர முடியாது என்றாள் அவள்.

"அப்ப ரெண்டு."

பிரகாஸ் தலையில் கை வைத்தான். ஸுல்பிகா போனைப் பிடுங்கினார்.

"மகள், இருக்கிறது ஒரே ஒரு மெசின். பழைய போர்ட் பழுதாப் போச்சு, இவடத்த மேசைலதான் கிடக்கு. இப்ப கதைச்சது என்ட மாப்பிள்ள. புடவைக்கடக்காரர். கலியாணம் பேசக்குள்ளயும் வீடு, வயல், நான் எண்டு மூணுலதான் தொடங்கினவர். கடைசில நான் மட்டும் போதும் எண்டு வந்தவர்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். பழுதானதற்கு மாற்றியதுதானே, பரவாயில்லை என்று அவள் இலக்கங்களை வாசிக்க, பிரகாஸ் தட்டினான். ஸுல்பிகா பிஸ்மி சொல்லிக் கடைசிப் பட்டனை அழுத்தினார். விண்டோஸுக்கு இவர்களை ஞாபகம் வந்துவிட்டது.

காலிதீன் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

"பார்த்தியா புள்ள? மூணுல தொடங்கினபடியாத்தான் ஒண்டாவது கிடைச்சது."

பிரகாஸ் சிரிப்பை அடக்கப் பழைய போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஓம், ஓம்" என்றார் ஸுல்பிகா. பஸாரில் காலிதீன் இந்தக் கதையை எப்படிச் சொல்லப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். அந்த வெற்றியைக் கணவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, மதரஸாப் பேப்பரில் நிறுத்திய கேள்வியிலிருந்து தட்டத் தொடங்கினார்.