போர்டில் ஒரு முதலியார்

குமாரவேல் முதலியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கையில் ஸ்பானர். இன்னொரு கையில் உயிர்.

"பாத்து சார், அந்தப் படி ஆடும்" என்றான், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த லோகேஸ்வரன்.

கழற்றப்போவது அவன் கடை போர்டைத்தான். ஏணியும் அவனுடையதுதான். பெரியவர் கேட்டார், கொடுத்துவிட்டான்.

பெரிய காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் போகும் வழியில், அன்று காலைதான் கடையைத் திறந்திருந்தான். 'லோகேஸ்வரன் முதலியார் பட்டு மாளிகை.' பச்சை எழுத்து, ராத்திரியில் எரிகிற ரகம். மதியத்துக்குள் தெருவே கொதித்துவிட்டது.

மாலையில் பட்டு வியாபாரிகள் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு ஒவ்வொரு தடவையும் நின்று ஒவ்வொரு தடவையும் தோற்றவர் குமாரவேல். இந்தத் தடவை கூட்டத்தைக் கூட்டி வாக்குக் கொடுத்துவிட்டார்: ஓட்டுப் பெட்டியைத் திறப்பதற்குள் அந்த போர்டு இறங்கும். இறங்கினால் தலைவர் அவர். இறங்காவிட்டால் ஆனந்தகுமார். அந்த ஆனந்தகுமார் எதிர்க்கடை வாசலில் நின்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்த எலக்ட்ரீஷியன் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று நழுவிவிட, வேட்பாளரே ஏற வேண்டியதாயிற்று.

'முதலியார்' என்ற அந்த வார்த்தையே ஒரு தினுசு. ஆதார் கார்டில் இருக்காது. ரேஷன் கார்டில் இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் திடீரென்று முளைக்கும். ஆயுசு முழுக்க வெறும் இனிஷியலோடு டவுன் பஸ்ஸில் தொங்கியவருக்குச் செத்த மறுநாள் கண்ணீர் அஞ்சலி பேனரில் கொட்டை எழுத்தில் கிடைக்கும். பட்டுக்கடை போர்டில்தான் அதற்கு வருஷம் முழுக்க வேலை. பெங்களூரிலிருந்து வருகிற கஸ்டமர் அதைப் பார்த்துவிட்டால் ஜரிகையை உரசிக்கூடப் பார்க்க மாட்டார்.

லோகேஸ்வரன் அதைத்தான் சொன்னான். வியாபாரத்துக்காக வைத்தேன், சட்டத்தில் தடை எதுவும் இல்லை என்று.

குமாரவேல் சட்டத்தைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். முசரவாக்கம் என்றான். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னான். கூட்டம் 'ஓ' என்றது. படித்தவர்கள் நிறைந்த கூட்டம். வேறு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

இப்போது ஏணி உச்சியிலிருந்து குமாரவேல் தன் ஓட்டுகளைப் பார்த்துப் பேசினார்.

"முதலின்னா என்னா அர்த்தம்? முதல்ல நிக்கிறவன். படையில முதல்ல, கோயில்ல முதல்ல. அது ரத்தத்துல வரணும்பா. பெயின்ட்ல வராது."

கைத்தட்டல். அந்தச் சூட்டோடு ஸ்பானரை மாட்டித் திருகினார். போல்ட் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். ஸ்பானர் வழுக்கியது, ஏணி ஆடியது, ஓட்டுகள் இரண்டடி பின்வாங்கின.

லோகேஸ்வரன் ஏணியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குள் போனான். பெரிய ஸ்பானர் ஒன்றோடு வந்தான். சில படிகள் ஏறி, அவர் காதோரமாக அதை நீட்டி, ஏதோ சொன்னான்.

குமாரவேல் ஸ்பானரை வாங்கவில்லை. போல்ட்டையும் பார்க்கவில்லை. முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. படிப்படியாக இறங்கினார். அவன் கடையிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்தார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார்.

"அந்தக் காலத்துல ராஜா குடுத்த பட்டம்பா இது" என்றார் கூட்டத்திடம். "யாரு முன்னாடி வந்து நின்னாங்களோ அவங்களுக்குக் குடுத்தது. நமக்குன்னு பட்டா போட்டா குடுத்துட்டுப் போனாங்க? புள்ள வச்சிக்கட்டும்."

"ரத்தத்துல வரணும்னீங்களே" என்றார் ஆனந்தகுமார், வீடியோவை நிறுத்தாமல்.

"ரத்தம் எல்லாருக்கும் செவப்புதான்பா."

ஊரே சிரித்தது. மாலையில் ஆனந்தகுமார் தலைவரானார். குமாரவேல் தனக்கே ஓட்டுப் போட்டாரா என்பதில் சங்கத்துக்கு இன்றுவரை சந்தேகம். போர்டு இருக்கிறது, இரவில் பச்சையாக எரிகிறது.

மந்திரி போன் பண்ணினார் என்றார்கள். கடையில் பங்கு பேசி முடித்துவிட்டார் என்றார்கள். சர்க்கரை இறங்கித் தலை சுற்றியிருக்கும் என்று, மனைவி வள்ளி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லோகேஸ்வரன் மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஏணியில் அவன் சொன்னது இவ்வளவுதான்:

"இத்த வச்சிக் கழட்டுங்க, பெரியப்பா. நான் முசரவாக்கம் ராமராஜன் புள்ள, உங்க கூடப் பொறந்த தம்பி புள்ள. உங்க அம்மா செத்தப்போ, நீங்க அப்ப இருந்த ஆரணிக்கு ஆள் அனுப்பியும் வரலன்னு அப்பா இன்னும் சொல்லிக்கினுதான் இருக்குறாரு."