பெயர் ஒட்டிய பாட்டில்கள்

...நான் மட்டுமா செய்தேன், தெருவே அல்லவா செய்தது, இந்த மௌனிகாவைப் பெற்ற வெள்ளியங்கிரி அண்ணன் வீடு உட்பட, ஆனால் கேள்வியை மட்டும் என் வாசலில் வந்து நின்று கேட்கிறாள், “ஏனுங்கக்கா, போர் தண்ணியில ஒண்ணுமே இல்லைன்னு ரிசல்ட் வந்துருச்சுங்க, அப்பறம் எதனாலீங்க ஃபஹீமாவுக்குக் கையெல்லாம் புண்ணாவுது?”... எதனாலா, கடைசி வீட்டுக்குப் பின்னால் இரும்புச் சாமானுக்கு முலாம் பூசுகிற அந்த பிளேட்டிங் பட்டறை வந்ததிலிருந்து போர் தண்ணீரில் மஞ்சள் தட்டுவதும், இவளோடு படிக்கிற இதே தெரு ஃபஹீமா வெயிலிலும் முழுக்கைச் சுடிதாரோடு காலேஜ் போவதும் எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும், சுற்றுச்சூழல் என்று ஒரு பாடமாம், போன வருஷம் பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று இந்த வருங்கால இன்ஜினீயர்கள் ஃப்ளெக்ஸ் பேனரையே பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள், சிரித்தோம், இந்த வருஷம் சிநேகிதிக்காக இவள் நிஜமாகவே இறங்கினாள், காலையில் வீட்டுக்கொரு பாட்டில் கொடுத்து, போர் தண்ணீர் பிடித்து வையுங்கள், லேபில் பார்க்க வேண்டும், சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்றாள், அதோடு விட்டாளா, ஒவ்வொரு பாட்டிலிலும் வீட்டுக்காரர் பெயரை அழகாக எழுதி ஒட்டியிருந்தாள்...

அங்கேதான் கெட்டது. எங்கள் வீட்டுப் பெயரோடு அந்த மஞ்சள் தண்ணீர் காலேஜ் வரை போவதா, நாலு பேர் பார்ப்பதா... குடத்தில் குடிக்கப் பிடித்து வைத்திருந்த சிறுவாணிக் குழாய்த் தண்ணீரை மொண்டு நிரப்பினேன், எதிர்வீடும் அப்படித்தான், ஃபஹீமாவின் அம்மா சாயிரா பானுவே, மகள் கைக்கு மருந்து தடவிவிட்டு எழுந்துபோய், பாட்டிலை இரண்டு முறை அலசி, நல்ல தண்ணீரைத்தான் பிடித்து வைத்தாளாம், அவளே சொன்னாள்... இப்போது பட்டறைக்காரன் அந்த ரிசல்ட்டை எப்படியோ வாங்கி, பிரேம் போட்டு கேட்டில் மாட்டிவிட்டான், இனி யார் போய்ச் சண்டை போட்டாலும் அதைத்தான் காட்டுவான்... சொல்லிவிடலாம், யார் வீட்டில் யார் வந்துபோனார்கள் என்பது வரை சொல்கிற வாய்தானே இது, ஆனால் சொன்னால் சாயிரா பானுவையும் சொல்ல வேண்டும், அது அந்தப் பெண் ஃபஹீமாவின் காதுக்குப் போகும்...

“சோப்பை மாத்திப் பாக்கச் சொல்லு கண்ணு.”

“எல்லாருமே அதைத்தானுங்கக்கா சொல்றாங்க” என்றாள். கோபமாகக்கூட இல்லை. போகவும் இல்லை, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றாள்... இவள் காரணம் கேட்கத்தான் வந்தாளா, தெருவில் நாங்கள் ஒருவராவது வாயைத் திறக்கிறோமா என்று பார்க்க வந்தாளா...