அடுத்தவர் வரும்வரை

கல்விக் கட்டட நிதி ஆணையத்தின் விதிகளை எழுதிய புண்ணியவானுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. பதவிக்காலம் முடிந்தாலும், அடுத்தவர் நியமிக்கப்படும்வரை உறுப்பினர் தொடர வேண்டுமாம். அந்த அடுத்தவரைத்தான் அரசு நியமித்தபாடில்லை.

மாட்டிக்கொண்டவர் பேராசிரியர். தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வேறு ஊரில் சின்னதாக ஒரு வீடு வாங்கி, மனைவியை முன்னால் அனுப்பிவிட்டு, இவர் மட்டும் தலைநகரில் வாடகை அறையில் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டு கிடந்தார். போடா என்று கிளம்பியிருக்கலாம்தான். ஆனால் ஒன்பது நாற்காலிகளில் நான்கு காலி. ஐந்து பேராவது உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். இவர் எழுந்து போனால் எந்தப் பள்ளிக்கும் கட்டடக் கடன் கிடையாது. மனசாட்சி என்ற வேண்டாத சாமானை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் கதி.

பொறுத்துப் பார்த்துவிட்டு ராஜினாமா கொடுத்தார். அதையும் கூட்டம்தான் ஏற்க வேண்டுமாம்.

"இது உங்க சொந்த விஷயம் சார். பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க வெளிய இருக்கணும்," என்றார் தலைவர்.

பேராசிரியர் வராந்தாவுக்குப் போனார். பெஞ்சில் உட்காருவதற்குள் கதவு திறந்தது.

"உள்ள வாங்க சார். நாலு பேர்தான் இருக்கோம், கூட்டம் செல்லாது."

வந்தார்.

"இப்ப அஞ்சு பேர் ஆச்சு. தாராளமா பேசலாம். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அவர் மறுபடி போய், மறுபடி வந்தார். பியூன் அலுத்துப்போய்க் கதவைத் திறந்தே வைத்துவிட்டார். உறுப்பினரான வக்கீலம்மா சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார்; புரையேறிவிட்டது. விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

மாலையில் மனைவி போனில் பொரிந்து தள்ளினாள்.

"இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு ஆள் கூடவா கிடைக்கல?"

"கிடைக்கலையாம். நான் என்ன பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். துறைச் செயலாளரை நானே வந்து கேக்கறேன்."

அவள் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கேட்கிற கேள்விக்குச் செயலாளர் பெஞ்சு மேல் ஏறி நின்றாலும் ஆச்சரியமில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். "புது உறுப்பினர் போட்டாச்சு! நம்ம சாருக்கு இன்னையோட விடுதலை."

எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. இனி சாப்பிடும்போது எதிரே சுவர் இருக்காது, அவள் இருப்பாள். அந்தச் சந்தோஷத்தோடு வாசலைப் பார்த்தார். கைப்பையோடு மனைவி உள்ளே வந்தாள்.

"நீயா?"

"'தகுதியான ஆளே இல்லையா, கண்ணு தெரியலையா'ன்னு சத்தம் போட்டேன். 'நீங்க இருக்கீங்களே மேடம்'னு தாளை நீட்டிட்டாரு. கோவத்துல கையெழுத்து போட்டுட்டேங்க."

"அப்ப வீட்டுக்கு எப்ப வருவே?"

அவள் வக்கீலம்மாவைப் பார்த்தாள். வக்கீலம்மா இந்த முறை சிரிக்கவில்லை.

"அடுத்தவங்களைப் போடற வரைக்கும் இருக்கணும்மா."

மனைவியின் முகம் வாடிவிட்டது. ஒரு கணம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வேளாவேளைக்குச் சாப்பிடுங்க," என்றாள் மெதுவாக. "சரி, கிளம்புங்க. உறுப்பினரா இல்லாதவங்க உள்ள இருக்கக் கூடாதாம்."