உருளையில் சுற்றிய முடி

மிஷினை வரவழைத்தது கோவர்த்தனன்தான். ரேணிகுண்டா பக்கம் ஒரு பேட்டரி தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. தானே சோதித்துப் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். ஆளில்லாமல் வீட்டைப் பெருக்கித் துடைக்கும் அந்த வட்டமான மிஷினைக்கூட, பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று எழுதியிருந்ததால்தான் வாங்கினார். வந்த அன்றே கூடத்தில் கேழ்வரகு மாவைத் தூவினார். ஆறிய காபியை ஊற்றினார். கட்டிலுக்கு அடியில் மிளகை உருட்டிவிட்டார். சுலோசனா சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். நகரியிலிருந்து திருப்பதிக்குக் குடிவந்த இத்தனை வருஷத்தில் அவர் தரையைக் குனிந்து பார்த்து அவள் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் தொடைக்குது," என்றார். "முடி சிக்காதுன்னு வேற போட்டுக்கிறான். அத மட்டும் டெஸ்ட் பண்ண முடியாது. நம்ம வூட்ல யாருக்கு முடி கீது?"

சுலோசனா சிரித்துக்கொண்டே முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டாள். போன மாதம்தான் இருவரும் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டார்கள். மகள் ரக்ஷிதா வீடு திரும்ப வேண்டும் என்பது சுலோசனாவின் வேண்டுதல். கல்யாணப் பேச்சு முற்றிய ஒரு சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு போனவள், வருஷம் திரும்பப் போகிறது, ஒரு வார்த்தை இல்லை. கோவர்த்தனனைக் கேட்டால், "உனக்குத் துணைக்குப் போட்டேன், அவளுக்காவ இல்ல," என்பார். மகளின் பெயரை அவர் சொல்வதில்லை. வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருப்பது நினைவுக்கு வந்தால் மட்டும், பூட்டை மாற்ற வேண்டும் என்பார். ஆள் கிடைக்கவில்லை என்று சுலோசனா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

சுலோசனாவுக்குச் சித்தூரில் ஒரு மாங்கூழ் கம்பெனி ஆபீசில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டும் வேளையில்தான் வீடு. இருவரும் போனபின், மத்தியானம், பூட்டிய வீட்டுக்குள் மிஷின் தானாகக் கிளம்பித் தன் வேலையை முடித்துக்கொண்டு மூலைக்குத் திரும்பிவிடும். சாயங்காலம் அதைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்வது அவள் பங்கு.

முதல் நாள் கவிழ்த்தபோதே உருளை பிரஷ்ஷில் முடி சுற்றியிருந்தது. நீளமான முடி. கத்தரித்து எடுத்து விளக்கடியில் பிடித்தாள். நுனி செம்பு நிறத்தில் மின்னியது. ரக்ஷிதா நுனிக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்த அன்று வீட்டில் நடந்த சண்டை அவளுக்கு நினைவு வந்தது.

"பழைய முடி," என்றார் கோவர்த்தனன். "பீரோ அடியில கெடந்துக்கும். பாரு, அதையும் விடாம எடுக்குது."

அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள். ஆனால் மறுநாளும் இருந்தது, அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை பீரோவை நகர்த்தினாள், மகளின் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவைத்தாள், மூலை முடுக்கெல்லாம் துடைப்பத்தால் கூட்டி ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். அன்று அந்த வீட்டில் ஒரு முடிகூட மிச்சமில்லை என்று அவளால் சத்தியம் செய்திருக்க முடியும்.

திங்கள்கிழமை சாயங்காலம் உருளையில் முன்னைவிடக் கனமாகச் சுற்றியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் வாசம், அன்று வைத்தது போல. மொட்டை போட்டதிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய் பாட்டிலே கிடையாது.

சுலோசனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, மெதுவாக, வேறொன்று புரிந்தது. ரக்ஷிதாவிடம் சாவி இருக்கிறது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறாள். தலைவாரிக்கொள்கிறாள், தன் கட்டிலில் கொஞ்சம் படுக்கிறாள், போய்விடுகிறாள். சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது. அதன் அடியிலேயே ஒரு வலியும் இருந்தது. மகளுக்கு வேண்டியிருப்பது வீடு, அதுவும் அம்மா இல்லாத வீடு. பரவாயில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தான் இல்லாமல் இருப்பதைத்தான் கொடுக்க முடியுமென்றால், அதையே கொடுக்கலாம்.

அன்றிலிருந்து சோற்றைக் கூடுதலாக வடித்து மூடிவைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் குண்டானைத் திறந்து பார்ப்பாள். குறைந்திருக்கிறதா, அமுங்கியிருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. முடியைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கணவன் கேட்டால், "இன்னிக்கி ஒண்ணும் இல்லங்க," என்றாள். ரக்ஷிதா வருவது அவருக்குத் தெரிந்தால் அடுத்த நாளே கதவில் புதுப் பூட்டு.

திருப்பி அனுப்பும் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவர் போனைத் தடவிக்கொண்டே வந்தார். "சுலோ, இதுல கேமரா கீது. நாளைக்கி ஆன் பண்ணிடறேன். டூட்டில உக்காந்துக்கினே வூடு முழுக்க சுத்திப் பாக்கலாம்."

அவள் கையிலிருந்த தட்டை அடுப்பு மேடையில் வைத்தாள். "இந்த மிஷின் வேணாங்க."

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"பாத்ரூம் வாசல்ல தொடைச்ச அதே துணியோட பூஜை ரூமுக்குள்ள பூருது. வெங்கடேசுவர சாமி படத்துக்கு முன்னாடி அந்தத் தண்ணியா?"

"அதுக்கு ஒரு கோடு போட்டா தாண்டாது. போன்லயே போடலாம். இரு, காட்டறேன்."

"உங்க கோட்ட நீங்களே வெச்சிக்குங்க. காமராவோட ஒண்ணு வூட்டுக்குள்ள சுத்தும், நான் துணி மாத்திக்கினு இருப்பேனா?"

"நான்தானே பாக்கப்போறேன். வேற எவன் பாக்கறான்?"

"நீங்களும்தான் பாக்க வேணாம்," என்றாள். "தெருவுல, பஸ்ஸுல, ஆபீசுல, எல்லா எடத்துலயும் முக்காடு போட்டுக்கினு கீறேன். இந்த மொட்டத் தலைய தெறந்து வெச்சிக்கினு நான் இருக்கற ஒரே எடம் இது."

பொய்யாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடித்தபோது அது பொய்யாக இல்லை. கோவர்த்தனன் அவள் தலையைப் பார்த்தார், பிறகு தன் தலையைத் தடவிக்கொண்டார்.

"சரேலே," என்றார். "அனுப்பிடலாம். நமக்கு எதுக்கு."

மறுநாள் காலை, அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பே கூரியர்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சுலோசனா சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மகளின் பழைய எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். எத்தனையோ அனுப்பிப் பதில் வராமல் நிறுத்தியிருந்த எண். 'மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பயப்படாமல் வா. அப்பாவுக்குத் தெரியாது.'

சாயங்காலம் திரும்பும் வழியில், பஸ் சந்திரகிரியைத் தாண்டும்போது போன் அடித்தது. வீடியோ அழைப்பு. திரையில் ரக்ஷிதா.

"மா, இன்னா மிஷினு? நைனாக்கு இன்னா தெரியாது?"

சுலோசனா போனை முகத்தருகே கொண்டுவந்தாள். "நீ வந்துட்டுப் போறல்ல, அதான்."

"எங்க?"

"வூட்டுக்கு."

"நான் எங்க வந்தேன்? புனேல கீறேன் மா. போன வருஷம் வந்து எறங்கினவ, இன்னும் ஊருப்பக்கமே வர்ல."

அப்போதுதான் சுலோசனா மகளின் தலையைப் பார்த்தாள். பையனைப் போல ஒட்ட வெட்டிய முடி. கழுத்துக்கூட வரவில்லை.

"முடி எங்கடி?"

"வந்த வாரமே வெட்டிட்டேன். தெனம் யாரு சீவி சிக்கெடுக்கறது? ஆமா, நீ இன்னா பண்ணி வெச்சிக்கிற?" முக்காடு நழுவியிருந்ததை சுலோசனா கவனிக்கவில்லை. ரக்ஷிதா திரைக்கு நெருங்கி வந்தாள். "எனக்காவவா மா?"

"வேண்டிக்கினேன்."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு எங்கோ பார்த்தாள். "சங்கராந்திக்கு வரேன்," என்றாள். "நைனாகிட்ட நீயே சொல்லு. பூட்டு கீட்டு மாத்தினா மாத்திக்கட்டும். என் சாவி எப்பவோ தொலைஞ்சிபோச்சி."

போனை வைத்தபின் சுலோசனாவுக்கு அழ வேண்டும் போல இருந்தது. அழுகை வரவில்லை. கைப்பைக்குள் விரலை விட்டாள். காகிதம் மடிப்பு விட்டுப் பிரிந்திருந்தது. முடி விரலில் வழுவழுப்பாகச் சுற்றியது. அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது தெருவில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. கோவர்த்தனனுக்கு இன்று ஓவர்டைம், வர ராத்திரி ஆகும். வீடு பூட்டித்தான் இருந்தது. காலையில் அவள் போட்ட பூட்டு, போட்டபடி. ஜன்னல்கள் இருட்டு.

கணவனுக்குப் போன் செய்யலாம். பக்கத்து வீட்டைத் தட்டி நாலு பேரைக் கூப்பிடலாம். அதுதான் முறை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இத்தனை நாளாக அவள் சோறு வடித்து வைத்தது, யாராக இருந்தாலும், உள்ளே இருப்பவருக்குத்தான். பொய் சொன்னதும், வீட்டைப் பார்க்கவிருந்த ஒரு கண்ணை வெளியே அனுப்பியதும் அவருக்காகத்தான். மகள் என்று நினைத்துச் செய்தது உண்மை. அந்தப் பிரியம் போய்ச் சேர்ந்த இடம் வேறு. கொடுத்ததைத் திருப்பி வாங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் சாவியை எடுத்தாள். பூட்டில் நுழைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு, வந்த விருந்தாளியைப் போல, தன் வீட்டுக் கதவை மெதுவாகத் தட்டினாள். உள்ளே இருப்பவர் அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொள்ள எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம் காத்து நின்றாள்.