சலோமித்தின் உதட்டருகே ஒரு கறித்துண்டு

2025 டிசம்பர் 3, புதன். பிளெய்ன்ஸ்பரோ.

ஒரு தவறு செய்துவிட்டேன். சலோமித்தைச் சைவமாக்கிவிட்டேன்.

1

மாலை வகுப்பில் பண்டைய வரலாறு படிக்கிறேன். கிரேக்க மரபில் வந்த அந்தியோக்கஸ் மன்னன் எருசலேமில் யூதர்களின் வழிபாட்டைத் தடைசெய்தான். அதை வைத்து ஒரு கதை எழுதச் சொன்னார்கள். இந்தக் கதை அப்படித்தான் ஆரம்பித்தது. அரசனின் தெய்வத்துக்குப் படைத்த கறியை அதிகாரி நீட்டுகிறான். மறுத்தால் சாவு. நான் உண்டாக்கிய சலோமித், "ஓர் உயிரைக் கொன்று தின்பதா?" என்கிறாள்.

எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. மறுப்பு என்றால் எனக்கு அதுதான் தெரியும்.

பக்கத்து இருக்கை ரேச்சல் யூதப் பெண். கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். "அவள் கோயிலிலேயே ஆடு பலி கொடுப்பார்கள், கயல். அவன் நீட்டுவது பன்றி, எங்களுக்கு விலக்கு. அதுவும் வேறு சாமிக்குப் படைத்தது."

2

திருத்திய தொடக்கம்: இடுப்பில் கைக்குழந்தையோடு சலோமித் வரிசையில் நின்றாள். அதிகாரி கறித்துண்டை அவள் உதட்டருகே

[நிறுத்திவிட்டேன். சாகடித்தால், எனக்கு வலிக்காத ஒரு சாவை அவளுக்குக் கொடுக்கிறேன். தின்னவைத்தால், ரேச்சல் முகத்தில் எப்படி விழிப்பது?]

3

வான்மதி அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கதையைக் கேட்டாள்.

"தின்னுட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுடி."

"அது அவ சாமி விஷயம்க்கா."

"சாமி இருக்கட்டும். குழந்தைய யாரு பாத்துப்பா? டேகேர்ல எமர்ஜென்சி கான்டாக்ட் கேட்டப்போ, உன்ன விட்டா இந்த ஊர்ல போட எனக்கு ஒரு பேர் இல்ல. அவளுக்கு நீ அதுகூடக் குடுக்கலியே, பெரிய ரைட்டர்!"

உண்மைதான். வரிசையில் ஓர் ஊரையே நிறுத்தியிருக்கிறேன். குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவரையும் கைநீட்ட வைக்கவில்லை.

4

முடிவு அ: தின்கிறாள். (அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: மறுக்கிறாள். குழந்தை

எழுத வரவில்லை. யாராவது கைநீட்டினால்தான் அவள் எடுக்கும் முடிவு அவளுடையதாகும். பின்னால் நிற்பவளிடம் குழந்தையைக் கொடுக்க முடியாது. அடுத்த துண்டு அவளுக்கு. ஏற்கெனவே தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறாளே, அவளிடம்தான் கொடுக்க முடியும். அவளைக் கோழை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

குழந்தை கைமாறிய பிறகு சலோமித் வாயைத் திறப்பாளா, மூடிக்கொள்வாளா? அது உங்களிடம் இருக்கட்டும். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

நாளை: வேலை முடிந்து வந்ததும் 'கோழை' என்ற சொல்லை எடுத்துவிட்டு, தின்றவளுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும்.