முழங்கால் உயரச் சிகரம்

அவரை எல்லோரும் சறுக்கல் என்றுதான் கூப்பிடுவார்கள். எவரெஸ்ட்டைப் பற்றி யார் படம் எடுத்தாலும், நடுமலையில் கால் தவறி விழுந்து சாக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவர்தான். நாயகனுக்குக் கண்ணீர் வர வேண்டுமென்றால் முதலில் இவர் போய்ச் சேர வேண்டும். நிஜப் பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஃப்ரிட்ஜைச் சுரண்டிய அனுபவம் மட்டும் உண்டு.

அந்த மலையின் சுபாவமும் இடத்துக்கு இடம் மாறும். அவர் மகளின் படக்கதைப் புத்தகத்தில் மேகத் தொப்பி வைத்துக்கொண்டு சிரிக்கும். கேளிக்கைப் பூங்காவில் முதுகைக் காட்டிக் குழந்தைகளைச் சறுக்கிவிடும். சினிமாவுக்கு வந்தால் மட்டும் யார் மீது கோபமோ, ஆள் கேட்கும்.

மகள் அப்பாவின் படம் ஒன்றையும் விட்டதில்லை. காற்று ஊளையிடத் தொடங்கியதும் கண்களை இறுக மூடிக்கொள்வாள். அவர் செத்து முடிந்ததும் அம்மா முழங்கையால் இடித்து, "முடிஞ்சுது, தொற" என்பாள். அப்புறம் மிச்சப் படம்.

புதுப் பட வாய்ப்பு வந்த அன்று மகள் கேட்டாள்.

"இதுலயும் செத்துடுவியாப்பா?"

"இல்லடா கண்ணு. இதுல ஹீரோ கீழயே கால் ஒடஞ்சு உக்காந்திருப்பாரு. அப்பாதான் உச்சிக்குப் போய்க் கொடி நடப்போறேன்."

"உங்க கையில கொடியக் குடுக்கிறாங்களே, அவங்க தைரியத்தச் சொல்லணும்" என்றாள் மனைவி.

"நான் நேர்ல வந்து பார்ப்பேன்பா. கண்ண மூடாம."

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கத்தில்கூட ஏற்றம்தான். வெள்ளையாக, சத்தமே இல்லாமல், கட்டிலுக்கு மேலே வெகுதூரம் ஏறிக்கொண்டே இருந்தார்.

படப்பிடிப்புக் கூடத்தில் மலைச்சரிவை மட்டும் கூரை முட்டக் கட்டியிருந்தார்கள். விழ உயரம் வேண்டுமே. உச்சிக்கு அது தேவையில்லை. கேமராவைத் தரையில் வைத்து அண்ணாந்து பார்த்தால் எதுவும் உச்சிதான். ஆகவே மேக்கப் நாற்காலிகளுக்குப் பக்கத்தில், பலகை அடித்து, பிளாஸ்டர் பூசி, முழங்கால் உயரத்தில் ஒரு சிகரம். சரிவில் ஏறும் காட்சியை முடித்துவிட்டு, உலகத்தின் உச்சியை அடைய அவர் ஏணியில் இறங்கி வந்தார்.

மேலே கால் வைத்தார். விளக்குகள் எரிந்தன. பின்னாலிருந்த நீலத் துணி மெல்ல வானமாயிற்று. தெர்மாகோல் பொடி மிதந்து வந்து ஒயர்களை மூடியது, டீ ஃபிளாஸ்க்கை மூடியது, தரையை மூடியது. கீழே ஒன்றுமே இல்லை. அவருக்கு மூச்சே லேசாக மெலிந்தது. கொடியை ஓங்கினார்.

ராட்சத மின்விசிறி ஊளையிட்டது.

கால் தன்பாட்டுக்குச் சறுக்கியது. இத்தனை வருஷப் பழக்கம், அதற்கு என்ன தெரியும்? உடம்பு அழகாக வளைந்து, ஒரு கை வானத்தை எட்டிப்பிடிக்கப் பார்க்க, உலகத்தின் உச்சியிலிருந்து உருண்டு நாற்காலிக்கடியில் போய் உயிரை விட்டார்.

"கட்!" இயக்குநர் ஓடிவந்தார். "என்னண்ணே, உச்சியில போய் விழுந்துட்டீங்க!"

"மன்னிச்சிருங்க சார், இன்னொரு டேக்..."

"எதுக்கு? பிரமாதம்ணே! எனக்கே அழுகை வந்துடுச்சு. கதைய மாத்திடறேன். நீங்க உச்சியிலயே போய்ச் சேர்ந்துடுங்க, கொடிய ஹீரோ வந்து நடட்டும்."

"சார், பொண்ணுகிட்ட சொல்லிட்டேன் சார்."

"சிகரத்தைப் பிரிக்கணும்ணே. மத்தியான ஷூட்டிங்குக்கு இதுதான் நிலா."

இயக்குநர் போய்விட்டார். சறுக்கல் மெல்லத் திரும்பிப் பார்த்தார். மேக்கப் நாற்காலியில் மகள். மூட மாட்டேன் என்று சொன்ன கண்கள், விசிறிச் சத்தம் கேட்டதுமே மூடிக்கொண்டவை, இன்னும் இறுக மூடியிருந்தன; விசிறி இரைச்சலில் பேச்சு எதுவும் காதில் விழுந்திருக்காது. அவளும் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டவள்தானே.

பக்கத்தில் நின்ற மனைவி எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். முழங்கையை மட்டும் இன்னும் அசைக்கவில்லை. அவரைப் பார்த்து, முகவாயால் சிகரத்தைக் காட்டினாள்.

ஏறினார். கொடியை ஊன்றினார். நின்றார்.

அப்புறம்தான் இடித்தாள். "முடிஞ்சுது, தொற."

மகள் கண்ணைத் திறந்தாள். விசிறி ஓய்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பனி அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்கேருந்து என்னப்பா தெரியுது?"

அவர் குனிந்து பார்த்தார். "நீ தெரியற. ரொம்பச் சின்னதா."

மனைவி துண்டை நீட்டும் சாக்கில் கிட்டே வந்து, "தியேட்டர்ல நான் பார்த்துக்கறேன். கொஞ்சம் லேட்டா இடிச்சாப் போச்சு" என்றாள், உதடு அசையாமல்.

நிலா செய்யச் சுத்தியலோடு வந்த தச்சர், பனி விழுந்து முடியட்டும் என்று ஓரமாக நின்றார்.